சின்னம்மாவுக்குப் பொருத்தம் பார்த்தது

1

என் மருமகளுக்குக் கல்யாணம், லீவு வேண்டும் என்று மேலாளர் ஹெலனிடம் போய் நின்றேன். இங்கிலாந்தில் இத்தனை வருடம் குப்பை கொட்டியும், உறவுமுறைகள் மட்டும் எனக்குத் தமிழில்தான் முதலில் வரும். மருமகள் என்றால் டாட்டர்-இன்-லா. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

"வாழ்த்துகள்! உங்கள் மகனுக்குக் கல்யாணமா?" என்றாள் ஹெலன்.

"மகனுக்கு இல்லை. மருமகளுக்கு மட்டும்."

"அவள் வேறு யாரையோ கட்டிக்கொள்கிறாளா?"

"ஆமாம். விழுப்புரத்துப் பையன். நல்ல குடும்பம். எங்கள் எல்லோருக்கும் ரொம்பச் சந்தோஷம்."

ஹெலன் குரலைத் தாழ்த்தினாள். "உங்கள் மகனுக்கு இது தெரியுமா?"

"எனக்கு மகனே கிடையாதே."

நான் செய்வது மனநல நர்ஸ் வேலை. எதிரில் இருப்பவர் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தடம் மாறினால், பயப்படாமலும் பயமுறுத்தாமலும் கேட்டுக்கொண்டிருப்பதற்கென்று எங்களுக்கு ஒரு முகம் இருக்கிறது. அந்த முகத்தை ஹெலன் எனக்கு வைத்தாள்.

ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டினேன். இது என் அம்மா. இது அம்மாவின் தங்கை, என் சின்னம்மா. சின்னம்மாவின் மகன் வில்சன் எனக்குத் தம்பி. தம்பி மகள் ஜெனிஃபர், எங்கள் முறைப்படி எனக்கு மருமகள். ஹெலன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் நெருங்கிய உறவு இல்லை" என்று தீர்ப்புச் சொன்னாள். கம்ப்யூட்டரும் அதையேதான் சொன்னது. நெருங்கிய உறவுக்கென்று அது வைத்திருந்த பட்டியலில் சின்னம்மாவும் இல்லை, தம்பி மகளும் இல்லை. என் கணக்கில் மிச்சமிருந்த லீவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

உண்மையான காரணத்தை ஹெலனிடம் சொல்லவில்லை. நான் ஜெனிஃபரின் கல்யாணத்துக்காக மட்டும் போகவில்லை. முந்தின வாரம் வில்சன் போனில் சொன்னான்: "கல்யாணம் முடிஞ்சதும் அம்மாவ ஹோம்ல வுட்டுடலாம்னு இருக்கேங்க்கா. பாண்டி பக்கம் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். கல்யாணத்தன்னைக்கு மட்டும் பக்கத்து வூட்ல உக்கார வெச்சிடலாம்."

2

என் வேலையைப் பற்றி ஊரில் நிலவும் கருத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். திண்டிவனத்தில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை நான் லண்டனில் பெரிய வக்கீல். இந்தச் செய்தியைப் பரப்பியவர் ஆரோக்கியம் சின்னம்மாதான். ஒருமுறை போனில் "இன்னைக்கு ஆறு கிளையன்ட் பாத்தேன், களைப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். கிளையன்ட் இருந்தால் வக்கீல்தானே. அது தப்பு என்று விளக்கியபோது, "எனக்குத் தெரியும்டி. பைத்தியத்துக்கு ஊசி போடுறான்னு சொன்னா நம்ம வூட்டுப் பொண்ணுங்கள எவன் கட்டுவான்? வக்கீலாவே இரு" என்றார்.

வக்கீலுக்கு நீதிமன்றம் உண்டு. எனக்கு ஆஸ்பத்திரிகூடக் கிடையாது. இங்கிலாந்தின் வடக்கே, ஆடுகளும் மழையும் அதிகமுள்ள ஒரு சின்ன ஊரில், சின்னக் காரில் வீடு வீடாகப் போகிறேன். மன நோயோடு வீட்டில் வாழ்கிறவர்கள் மருந்து சாப்பிடுகிறார்களா, சமைக்கிறார்களா, யாரிடமாவது பேசுகிறார்களா என்று பார்க்க வேண்டும். யாருக்கு எந்தக் கவனிப்புச் சரிப்படும் என்பதை அவர்களையே கேட்டு முடிவு செய்ய வேண்டும். இந்தக் கடைசி வரியில்தான் எல்லாத் தகராறும் வரும்.

டெரெக் என்று ஒரு பெரியவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கதவைத் திறக்க மாட்டார்; தபால் போடும் துவாரம் வழியாகத்தான் பேசுவார். நான் வாசலில் மண்டியிட்டு அந்தத் துவாரத்தில் வாய் வைத்துப் பேசுவேன். நான் ஏதோ புதிய மதத்தைச் சேர்ந்தவள் என்று பக்கத்து வீட்டம்மா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். முதல் நாள் டெரெக், "ஐயம் ப்ராப்பர் பூர்லி, லவ்" என்றார். மனுஷன் பூரி கேட்கிறார் என்று நினைத்து, சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்யட்டுமா என்றேன். உடம்பு சரியில்லை என்பதைத்தான் இந்தப் பக்கத்தில் அப்படிச் சொல்வார்கள் என்று பிறகு தெரிந்தது. 'லவ்' என்பதும் ஒன்றுமில்லை, நம் ஊரில் 'இந்தாம்மா' என்பது மாதிரி. அப்போது திண்டிவனத்திலேயே இருந்த என் கணவருக்கு இதைப் புரியவைக்கத்தான் நிறைய போன் கார்டு செலவானது.

டெரெக்குக்கு மாதம் ஒரு ஊசி போட்டுவிட்டால் நிம்மதி என்பது எங்கள் குழுவின் எண்ணம். அவருக்கு ஊசி வேண்டாம், மாத்திரைதான் வேண்டும்; அதுவும் வியாழக்கிழமை யாரும் வரக்கூடாது, அன்று அவருக்குச் சீட்டாட்டம். மல்லுக்கட்டி அவர் இஷ்டப்படியே வாங்கிக் கொடுத்தேன். இதைப் பற்றிக் கூட்டத்தில் என்னைப் பாராட்டியும் பேசினார்கள். 'அவரவருக்குப் பொருத்தமான பராமரிப்பு' என்பது எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் வாசகம். பொருத்தம் என்ற வார்த்தையை நம் ஊரில் கல்யாணத்துக்கு மட்டும்தான் செலவழிக்கிறோம், நோயாளிக்கு யாரும் பொருத்தம் பார்ப்பதில்லை என்று விமானத்தில் உட்கார்ந்து பெரிய ஞானி மாதிரி யோசித்துக்கொண்டே வந்தேன்.

3

சின்னம்மா திண்டிவனத்தில் சத்துணவுக் கூடத்தில் சமைத்தவர். சித்தப்பா போன பிறகு தனியாகத்தான் இருந்தார். மனம் திடீரென்று உச்சிக்கு ஏறும், பிறகு பள்ளத்தில் விழும். இரண்டுக்கும் நடுவே பல மாதங்கள் எல்லோரையும் போல, எல்லோரையும்விடக் கொஞ்சம் குறும்பாக, இருப்பார். உச்சிக்கு ஏறிய ஒரு சமயம், பஸ் ஸ்டாண்டில் சென்னை போகும் பஸ்கள் ஒவ்வொன்றிலும் ஏறி டிரைவர்களுக்கு ஜெபம் பண்ணிவிட்டு இறங்கினார். ஒரு டிரைவர்கூடக் கோபப்படவில்லையாம். இரண்டு பேர் தலையைக் குனிந்து காட்டினார்களாம். போன வருடம் ஏறியபோது கம்மலை விற்று, ஒரு வேன் நிறைய பிளாஸ்டிக் நாற்காலி வாங்கித் தெருவில் வரிசையாகப் போட்டு, காலி நாற்காலிகளைப் பார்த்து "வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் வில்சன் அவரை விழுப்புரத்துக்குத் தன் வீட்டுக்கே கூட்டி வந்தான்.

நான் போய் இறங்கிய பிற்பகலில் சின்னம்மா ஹாலில் உட்கார்ந்திருந்தார். பேட்டரி கடை வைத்திருக்கும் தம்பி வீட்டில் மின்விசிறி, விளக்கு எல்லாம் கரண்ட் போனாலும் ஓடும். சின்னம்மா ஒருவர்தான் நின்றுபோயிருந்தார். வாயோரம் எச்சில். கை நடுக்கம். என்னைப் பார்த்து, சிரிக்க வேண்டும் என்று நினைவு வந்தவர் மாதிரி மெதுவாகச் சிரித்தார்.

"எப்ப வந்த?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குள் தூங்கிப்போனார்.

என் தம்பி மனைவி கலா காபி கொண்டுவந்தாள். "இப்ப பரவால்ல அண்ணி. சத்தமே இல்ல" என்றாள்.

"டாக்டர் எவ்ளோ மாத்திர எழுதியிருக்காரு?"

"ராத்திரிக்கு ரெண்டு." கலா டம்ளரைப் பார்த்தாள். "நாங்க மூணு குடுப்போம். கேப்பைக் கூழ்ல கரைச்சிடுவேன். அவங்களுக்குத் தெரியாது."

இங்கிலாந்தில் இதைச் செய்தால் எனக்கு வேலை போய், கேஸும் நடக்கும். அதையெல்லாம் அவளிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். வில்சன் கடையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"முடிச்சிட்டியாக்கா?" என்றான். "நீ ரெண்டு வருசத்துக்கு ஒரு வாட்டி வந்து லீவுல சமூக சேவை பண்ற. இவ தெனமும் பண்றா. ரெண்டு மாத்திர குடுத்தா விடியக்காலம் எழுந்து தெருவுல இருக்கிற அத்தினி பேர் வூட்டு வாசலையும் பெருக்கிக் கோலம் போட்டுட்டு வருது. ஒரே பேஜாரு. சம்பந்தி வூட்ல கேட்டா இன்னா சொல்றது?"

"கோலம் போட்டா தப்பா?"

"நாம கிறிஸ்டியன்க்கா!"



4

மறுநாள் எல்லோருமாக அரசு மருத்துவமனைக்குப் போனோம். கலா வரமாட்டேன் என்றாள், திட்டு விழும் என்று பயம். கையைப் பிடித்து ஷேர் ஆட்டோவில் ஏற்றினேன். மனநலப் பிரிவில் ஒரு பெண் டாக்டர், ரொம்பச் சின்ன வயசு. என்னையும் வில்சனையும் கையமர்த்திவிட்டு முதலில் சின்னம்மாவிடம் கேட்டார்.

"உங்களுக்கு இன்னாம்மா வேணும்?"

சின்னம்மா ரொம்ப நேரம் யோசித்தார். மூன்றாவது மாத்திரை யோசனையைக்கூட மெதுவாக்கியிருந்தது. பிறகு, "எனக்கு என் மூள கொஞ்சம் திரும்ப வேணும் டாக்டரம்மா. முழுசா வேணாம். முழுசா குடுத்தா இவங்க தாங்க மாட்டாங்க" என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டார். மூன்றாவது மாத்திரையைப் பற்றிக் கலா தானே தலைகுனிந்து சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. "நீங்க கடைசியா எப்ப நல்லா தூங்குனீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான், கலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. நான் சட்டம் பேசிக்கொண்டிருந்தேன்.

இரத்தம் எடுத்தார்கள். ஒரு மருந்தை மாற்றி, நடுக்கம் தரும் மாத்திரையைக் குறைத்தார்கள். அவசரத்துக்கென்று தனியாக ஒன்று. எப்போது வேண்டும் என்பதைச் சின்னம்மாவும் கலாவும் பேசி முடிவு செய்யலாம். "கல்யாணம் கிட்ட வருது. கூட்டம், சத்தம், தூக்கம் கெடும். ஏற வாய்ப்பிருக்கு. ஏறுறது எப்படித் தெரியும்னு அவங்களையே கேட்டு வெச்சுக்குங்க" என்று டாக்டர் எச்சரித்தார்.

அன்று மாலை கேட்டோம். "மொதல்ல தூக்கம் தேவப்படாது" என்றார் சின்னம்மா. "அப்பறம் கையில இருக்கிறத எல்லாம் யாருக்காவது குடுக்கணும்னு வரும். அப்பறம் இங்லீஷ் வரும்."

"இங்லீஷா?"

"எனக்கே தெரியாத இங்லீஷெல்லாம் வரும்."

அப்படி வந்தால், நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தாமல், "தண்ணி வேணுமா?" என்று கேட்பது என்று முடிவானது. கேட்டதும் அவர் அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கேட்டு வில்சன் தலையில் அடித்துக்கொண்டான். இருந்தாலும், கல்யாணத்துக்கு வரலாம் என்று ஒருவழியாகச் சம்மதித்தான். ஹோம் விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

பரீட்சை என்று இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட என் மகள் ரூத்துக்கு எல்லாவற்றையும் போனில் சொல்லியிருந்தேன். அவளுக்குத் தமிழ் வீட்டில் காதில் விழுந்த அளவுதான். பேசும்போது இங்கிலீஷை அப்படியே தமிழில் ஊற்றுவாள். இரண்டு நாள் கழித்து அக்கறையாக அழைத்தாள். போனை வில்சன் எடுத்தான்.

"மாமா, சின்னப் பாட்டி மேல போயிட்டாங்களா?"

வில்சன் எழுந்து உள்ளே ஓடினான். சின்னம்மா கட்டிலில் உட்கார்ந்து மல்லாட்டையை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்தார். மனம் மறுபடி உச்சிக்கு ஏறிவிட்டதா என்றுதான் ரூத் கேட்டாள் என்று தெரிந்ததும் போனை வாங்கி, "இன்னும் டிக்கெட் எடுக்கல கண்ணு" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு வீட்டில் அவர் அடித்த முதல் ஜோக் அது என்று கலா சொன்னாள். அவளும்தான் சிரித்தாள்.

5

சர்ச்சில் எல்லாம் நல்லபடி முடிந்தது. மண்டபத்துக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்: குடும்பத்தார் வரிசையில் சின்னம்மாவுக்கு இடம் இல்லை. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் வில்சன் அவரை உட்கார வைத்திருந்தான். அவர் நீலப் பட்டுப் புடவையில் நேராக உட்கார்ந்து, கை கழுவ வருகிறவர்களிடம் "சாப்ட்டீங்களா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. வில்சனை அங்கேயே பிடித்துக்கொண்டேன். தமிழில் தொடங்கிய சண்டை எப்போது இங்கிலீஷுக்குப் போனது என்று தெரியவில்லை. டிக்னிட்டி, ரைட்ஸ், டிஸ்கிரிமினேஷன் என்று எங்கள் அலுவலகச் சுவரில் உள்ளதெல்லாம் வந்தது. பந்தியில் இருந்தவர்கள் பிரியாணியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சம்பந்தியம்மா எழுந்து நின்றார்.

யாரோ என் முழங்கையைத் தொட்டார்கள். சின்னம்மா.

"ஸ்டெல்லா," என்றார் மிக மரியாதையாக. "தண்ணி வேணுமா?"

வில்சனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஏற்பாட்டின்படி நான் அங்கிருந்து போயாக வேண்டும், போனேன். திரும்பி வந்தபோது, தூணுக்குப் பின்னாலிருந்த நாற்காலியை வில்சனே முன்வரிசையில் போட்டுக்கொண்டிருந்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நோய்க்கு நம் வசதி தெரியாது. கொஞ்ச நேரத்தில் சின்னம்மா சமையல்கட்டுக்குள் போனார். உப்பு பார்த்தார். யாரும் கேட்காமலே தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சமையல்காரர் கையில் கட்டினார். பரிமாறும் பெண்ணுக்கு வளையலைக் கழற்றிப் போட்டார். பேச்சின் வேகம் கூடியது, கண் பளபளத்தது. நான் தண்ணீர் டம்ளரோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். அதற்குள் அவரே கலாவைத் தேடிப் போய்விட்டார். மணப்பெண்ணின் அம்மா, கை நிறைய தாம்பூலப் பையோடு நின்றவளிடம், "கலா, உள்ள மோட்டார் ஓட ஆரம்பிச்சிடுச்சி. அந்த அவசர மாத்திரய குடு. ஜல்தியா குடு, அப்பறம் நானே வேணாம்னுடுவேன்" என்றார்.

கலா பைகளைக் கீழே போட்டாள். கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். "ஒண்ணுதான் அத்த. பாத்துக்குங்க."

"பாத்துக்கினுதான் இருக்கேன்" என்று சின்னம்மா விழுங்கினார்.

மணப்பெண் அறையில் கலாவின் மடியில் தலை வைத்துப் படுத்தவர் மெல்லத் தூங்கிப்போனார். மேடையிலிருந்து போட்டோகிராபர் மைக்கில் "பொண்ணோட அம்மா எங்க இருந்தாலும் மேடைக்கு வரவும்" என்று கத்திக்கொண்டே இருந்தார். நான் மடி மாற்றிக்கொள்கிறேன் என்றேன். கலா தலையாட்டி மறுத்துவிட்டாள். "அசைஞ்சா முழிச்சிக்குவாங்க அண்ணி. தானா தூங்குறாங்க, பாருங்க" என்றாள். ஜெனிஃபர் மாலையோடு அறைக்குள் வந்து, தரையில் உட்கார்ந்து, அம்மாவோடும் தூங்கும் ஆயாவோடும் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

6

நான் கிளம்புவதற்கு முன் சின்னம்மா எங்கே வாழ்வது என்று பேச உட்கார்ந்தோம். என்னிடம் அருமையான திட்டம் இருந்தது. திண்டிவனத்தில் அவருடைய சொந்த வீடு. அங்குள்ள அரசு மருத்துவமனைக்கு மனநல டாக்டர் வருகிற நாளில் போய் மருந்து வாங்கிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டில் பேசி வைத்தாயிற்று. சுதந்திரம், தன்மானம், எல்லாம் அதில் இருந்தது. டெரெக்குக்குச் செய்ததைவிடச் சிறப்பாகச் செய்திருந்தேன். வில்சனும் பாண்டி ஹோமை மறுபடி எடுத்தான், முன்பு போல அழுத்தமாக இல்லாமல்.

சின்னம்மா இரண்டையும் கேட்டுவிட்டு, "நான் கலா கூடத்தான் இருக்கப்போறேன்" என்றார்.

"சின்னம்மா, இவதான் உங்களுக்குத் தெரியாம கூழ்ல…"

"தெரியும்டி. கசப்பு தெரியாதா? கூழ் காய்ச்சுனவ நான். அவ தூங்கட்டுமேன்னு குடிச்சேன்."

கலா சின்னம்மா பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"திண்டிவனத்துல தனியா இருந்தா யார்கிட்ட சண்ட போடுறது?" என்றார் சின்னம்மா. "இவ நல்லா திட்டுவா. ஆனா இனிமே மாத்திரய என் கையில குடுக்கணும். சனிக்கிழம சனிக்கிழம நான் தனியா பஸ் ஏறி என் வூட்டுக்குப் போயி ஒரு ராத்திரி தங்கிட்டு வருவேன். யாரும் கூட வரக்கூடாது."

கலாவும் தன் நிபந்தனையைச் சொன்னாள். "ரெண்டு நாள் சேந்தாப்ல தூங்கலன்னா, நான் கூப்புட்டதும் ஆஸ்பத்திரிக்கு வந்துடணும். எதுத்துப் பேசக்கூடாது."

"எதுத்துப் பேசுவேன். ஆனா வருவேன்."

முடிந்தது. என் திட்டத்தை யாரும் இரண்டாவது முறை கேட்கக்கூட இல்லை. எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது, அதை மறைக்கவில்லை. அவரவர் இஷ்டப்படி விட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், அவர் இஷ்டம் என் இஷ்டத்தோடு ஒத்துப்போகும் என்று எவ்வளவு நிச்சயமாக இருந்திருக்கிறேன்!

7

மழைக்காலத்தில் சின்னம்மாவுக்கு மறுபடி ஏறியது. எதிர்த்துப் பேசினார், ஆனால் போனார். கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு கலாவுக்குச் சனிக்கிழமை என்றாலே பயம். தனியாக விட மாட்டேன் என்றாள். பேச்சு பேச்சுதான் என்றார் சின்னம்மா. ஒரு வாரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் கலா விட்டுக்கொடுத்து, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவரைத் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றிக் கையசைத்தாள்.

பஸ் வளைவைத் தாண்டியதும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. வில்சனிடமும் சொல்லாமல் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். வழி முழுக்க ஜன்னலோரம் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். திண்டிவனத்தில் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்வாசல் வழியாக இறங்கினாளாம். இறங்கிய இடத்துக்கு நேர் எதிரே டீக்கடை பெஞ்சில் சின்னம்மா. பக்கத்தில் இரண்டு டம்ளர், ஒன்று காலி. காகிதத்தில் இரண்டு மெதுவடை, ஒன்றுகூடக் கடிபடவில்லை.

இதை எனக்குப் போனில் சொல்லும்போது கலாவுக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது.

"ஒண்ணுமே கேக்கல அண்ணி. ஏன் வந்தன்னும் கேக்கல. நகந்து உக்காந்து எடம் குடுத்துட்டு, 'வா, குடி. ஆறிப்போச்சு. என் பஸ்லயே ஏறியிருந்தா சூடா குடிச்சிருக்கலாம்'னாங்க."